இரவுப் பள்ளி யாருக்காகத் தொடங்கியது?

மாலை ஆறரை மணிக்கு எங்கள் காலனியில் அம்பேத்கர் மன்றத்தின் விளக்கு எரியும். ஆறாம் வகுப்புக்கு ஒரு பாய், எட்டாம் வகுப்புக்கு ஒரு பாய், பத்தாம் வகுப்புக்கு ஒரு பாய் என்று பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பிகளும் தங்கைகளும் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித் தருகிறார்கள். வெளியே கட்டைச்சுவரில் நான்கைந்து பையன்கள் எப்போதும் இருப்பார்கள். ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தவறியவன். இன்னொருவன் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போய், எட்டு மாதத்தில் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவன். சென்ட்ரிங் வேலை, பந்தல் வேலை, கரும்பு வெட்டு என்று யாராவது கூப்பிட்டால் போவார்கள். கூப்பிடாத நாளில் சுவர்தான்.

அவர்களை நாங்கள் வெகுநாள் ஒரு தொந்தரவாகத்தான் பார்த்தோம். இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். "சத்தம் போடாதீங்கடா, புள்ளைங்க படிக்குதுங்க" என்று எத்தனையோ முறை விரட்டியிருக்கிறோம். ஒருநாள் அவர்களில் ஒருவன் திருப்பிக் கேட்டான்: "அண்ணா, இது அம்பேத்கர் மன்றம்தானே? எங்களுக்கு உள்ள என்ன இருக்கு?"

எங்களிடம் பதில் இல்லை. கேரம் போர்டு இருக்கிறது என்று சொல்லலாம், அதுவும் காய் தொலைந்து கிடக்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இன்று நாம் 'இரவுப் பாடசாலை' என்று பெயர்ப்பலகை மாட்டி நடத்துவது, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கான டியூஷன். நம் முன்னோடிகள் நடத்திய இரவுப் பள்ளி, பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கானது. அது சுவரில் உட்கார்ந்திருப்பவனுக்காகவே தொடங்கப்பட்டது. இடையில் எங்கோ ஆள் மாறிவிட்டது.

முதலில் பெயரைப் பற்றி. படிப்பிலும் இல்லாத, வேலையிலும் இல்லாத, பயிற்சியிலும் இல்லாத இளைஞர்களை உலக அமைப்புகள் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நீட்' என்று அழைக்கின்றன. 1999இல் பிரிட்டன் அரசின் ஓர் அறிக்கை வழியாகப் பரவிய சொல் அது. தமிழ்நாட்டில் 'நீட்' என்றால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதுவும் நம் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் ஏற்பாடுதான் என்பது தற்செயல். நம் அரசுக் கோப்புகளில் இருக்கும் சொல் 'இடைநிற்றல்'. இலக்கணப்படி பார்த்தால் அது தன்வினை. நின்றான், நின்றாள். யாரும் நிறுத்தவில்லை, இவனே நின்றுகொண்டான் என்று அந்தச் சொல் சொல்கிறது. எங்கள் சுவரில் உட்கார்ந்திருப்பவன் ஒன்பதாம் வகுப்பில், கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது மாட்டேன் என்றான். பெற்றோரை அழைத்து வா என்றார்கள். அம்மா நூறு நாள் வேலையை விட்டு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் உட்காரச் சொல்லி, பேசாமல் அனுப்பினார்கள். மூன்றாவது முறை இவன் பள்ளிக்குப் போகவில்லை. பதிவேட்டில் இவன் 'இடைநின்றவன்'.

இனி வரலாறு. இப்படி நிறுத்தப்பட்ட ஒரு பையனிடமிருந்தே தொடங்குவோம்.

1827இல் பிறந்த ஜோதிராவ் புலேவைப் பற்றி நம் கூட்டங்களில் பேசும்போது, 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் என்று தொடங்குகிறோம். அதற்கு முன் அவர் ஒரு பள்ளி நின்ற சிறுவன் என்பதைச் சொல்வதில்லை. பூ, காய்கறி வியாபாரம் செய்த மாலி குடும்பம். தொடக்கக் கல்வி முடிந்ததும், சாதிக்கு மீறிய படிப்பு எதற்கு என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு அப்பா கோவிந்தராவ் பையனைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். ஜோதிராவ் தோட்ட வேலைக்குப் போனார், கல்யாணமும் ஆயிற்று. பையனின் ஆர்வத்தைக் கவனித்தவர்கள் இரண்டு பேர்: பாரசீகம் கற்பிக்கும் கஃபார் பேக் முன்ஷி என்ற முஸ்லிம், லிஜிட் என்ற கிறித்தவர். இருவரும் அப்பாவிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். 1841இல், ஏறத்தாழ 14 வயதில், ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் அவர் மறுபடி சேர்ந்தார்.

இந்த இரண்டு மனிதர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அவர்கள் இயக்கம் நடத்தவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் ஓர் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினார்கள். நாம் ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகப் போகிறோம், பள்ளி நின்ற ஒரு பையனுக்காக அவன் அப்பாவிடம் எத்தனை முறை உட்கார்ந்து பேசியிருக்கிறோம்?

தானே நின்று திரும்பியவர் என்பதால்தானோ என்னவோ, பகல் பள்ளி எல்லோருக்கும் எட்டாது என்பது புலேவுக்குத் தெரிந்திருந்தது. 1855இல் புலேவும் சாவித்திரிபாயும் உழைப்பாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் தங்கள் வீட்டிலேயே இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பகல் முழுக்கக் கூலி வேலை பார்த்தவர்கள் இரவில் வந்து எழுத்துக் கற்றார்கள். சாவித்திரிபாயும் திருமணத்துக்குப் பிறகு எழுத்துக் கற்றவர்தான். பள்ளி வயது என்று ஒன்றை வரையறுத்து, அது கடந்தால் கதவைச் சாத்தும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதே 1855இல், அவர்கள் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மாங், மகார் மக்களின் துயரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. மூன்று ஆண்டுப் படிப்பில் எழுதிய கட்டுரை.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1891 டிசம்பர் 1ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் உதகையில் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் தீர்மானங்களைக் கவனித்தால், கல்விக்கான கோரிக்கையும் அரசு வேலைக்கான கோரிக்கையும் ஒரே தாளில் இருப்பதைக் காணலாம். படிப்பு ஒரு துறை, வேலைவாய்ப்பு வேறொரு துறை என்று பிரித்துப் பார்க்கிற வசதி நம் முன்னோடிகளுக்கு இல்லை. படித்தவனுக்கு வேலை இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரன் தன் பிள்ளையைப் படிக்க அனுப்ப மாட்டான் என்பது சேரியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதே காலகட்டத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றிய அறிக்கையை அரசுக்குக் கொடுத்தார். பஞ்சமி நிலத்துக்கு அடிப்படையான அறிக்கை என்று அதை நமக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடம், நிலமும் மனையும் கடனும் சரியாகாமல் பள்ளி மட்டும் சரியாகாது என்பது. அடிமைப் பத்திரத்தில் குடும்பமே கட்டுண்டு கிடக்கும்போது பையன் எப்படிப் பள்ளியில் இருப்பான்?

1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அவர் 1907இல் இறப்பதற்குள் அது சில பள்ளிகளாக வளர்ந்தது. அந்தப் பள்ளிகளுக்கு நம் வரலாற்றில் நன்றியோடு ஓர் இடம் உண்டு. ஆனால் அவை தொடக்கக் கல்வியோடு நின்றவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்தும் கணக்கும் கற்ற பையன் அதன்பின் எங்கே போவான் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஆல்காட்டுக்குப் பின் பிரம்மஞான சபைக்குத் தலைமை ஏற்ற அன்னி பெசன்ட், நம் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக்கூடாது என்ற பொருளில் 1909இல் எழுதினார். பாபாசாகேப் அந்தக் கட்டுரையை மறக்கவில்லை; 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்ததைப் பற்றி எழுதிய நூலில் அதை எடுத்து வைத்தார். கருணையால் திறக்கும் கதவு எந்த அளவுக்குத் திறக்கும் என்பதைக் கருணை காட்டுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

நம்மவர்களே கதவைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதுதான் எங்களை அதிகம் ஈர்த்தது.

சென்னை பெரியமேடு தோல் வியாபாரத்தின் இடம். அருந்ததியர் குடும்பங்களில் பிள்ளைகளும் தோல் வேலைக்குப் போனார்கள். அந்தக் காலச் சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள்: 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக் குழந்தை ஆலையில் வேலை செய்யலாம் என்றது. 1891இல் அதை 9 ஆக்கினார்கள். 1922இல்தான் 12 ஆயிற்று. அதுவும் பெரிய ஆலைகளுக்குத்தான். தோல் பட்டறை, செருப்புத் தைக்கும் திண்ணை இவற்றை எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்கவில்லை. பின்னி ஆலையில் அரைநேரம் வேலை செய்த சிறுவர்களுக்கு நிர்வாகமே பள்ளி நடத்தியது. வேலை, பிறகு வகுப்பு, பிறகு தூக்கம் என்று ஒரு குழந்தையின் நாள் அமைந்த காலம் அது.

இந்தச் சூழலில்தான் எல்.சி. குருசாமி வருகிறார். அருந்ததியர் மகாஜன சபையைக் கட்டியவர், 1920களில் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். நகரத்தின் அருந்ததியர் குடியிருப்புகளில் அவர் பகல் பள்ளிகளும் இரவுப் பள்ளிகளும் நடத்தினார். இரவுப் பள்ளி ஏன் என்பதற்கு விளக்கமே தேவையில்லை. பகலில் பையன் தோலில் கை வைத்திருக்கிறான். அவன் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. "முதலில் வேலையை விட்டு வா, பிறகு சொல்லித் தருகிறேன்" என்று சொல்வது, "வராதே" என்று சொல்வதற்குச் சமம். குருசாமி பள்ளியைப் பையனின் நேரத்துக்கு நகர்த்தினார். இன்று தலித் அரசியல் பேசும் பல மேடைகளில் அவர் பெயர் வருவதே இல்லை. தலித்துகளுக்குள்ளும் யாருடைய முன்னோடி பேசப்படுகிறார், யாருடைய முன்னோடி மறக்கப்படுகிறார் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அதை நாம்தான் சரி செய்ய வேண்டும்.

அடுத்தவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் முனுசாமியாகப் பிறந்தவர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாற மறுத்த நிலையில் அந்தப் படிப்பு நின்றது. குடும்பம் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தது, அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். இன்றைய சொல்லில் சொன்னால் அவரும் ஓர் 'இடைநின்ற' மாணவர், வேலை தேடி வெளிமாநிலம் போன இளைஞர். பிறகு சென்னையில் ஆன்மிகக் குருவிடம் சேர்ந்து கற்று, 1910இல் சிதம்பரம் வந்தார். 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எந்த ஊரில்? நந்தன் தீக்குளித்துத்தான் உள்ளே போக முடிந்தது என்று கதை சொல்லும் ஊரில். அந்தப் பள்ளியும் விடுதியும் இல்லையென்றால் தென்னார்க்காட்டு, தஞ்சைச் சேரிகளின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இல்லை. அவருடைய சைவப் பற்றோடும் காங்கிரஸ் அரசியலோடும் எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பாதியில் நின்ற ஒரு பையன், தன்னைப் போல நின்றவர்கள் தங்கிப் படிக்க ஓர் இடம் கட்டினான் என்பதை அந்த வேறுபாடு மறைக்கக் கூடாது.

அரசும் 1920இல் லேபர் கமிஷனர் துறையை அமைத்து, ஒடுக்கப்பட்டோர் நலனை அதனிடம் ஒப்படைத்தது. அந்தத் துறை திறந்த பள்ளிகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூதாதை. பழைய ஆட்கள் இன்றும் 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொல்வதைக் கேட்கலாம். எங்கள் பாட்டிக்கு 'நலப் பள்ளி' என்ற சொல்லே தெரியாது.

பாபாசாகேப் பக்கம் வந்தால், நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி கிடைக்கிறது. 1924 ஜூலையில் அவர் பகிஷ்கிரித ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அதன் நோக்கங்களில் விடுதி இருக்கிறது, நூலகமும் படிப்பு வட்டமும் இருக்கின்றன, தொழிற்பள்ளியும் விவசாயப் பள்ளியும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் விடுதி திறக்கப்பட்டது. இவையெல்லாம் நமக்குத் தெரியும். அதோடு சேர்த்து அந்தச் சபை பம்பாயில் இலவச வாசகசாலையும், இளைஞர்களைக் குடியிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் விலக்க ஒரு ஹாக்கி அணியும் நடத்தியது! கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனிதர், சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்காக ஹாக்கி மட்டை வாங்குவதும் இயக்க வேலை என்று நினைத்திருக்கிறார். நம் ஊரில் ஜெயந்திக்கு ஜெயந்தி கிரிக்கெட், கபடிப் போட்டி நடக்கிறது. கோப்பையும் கொடுக்கிறோம். ஆட்டம் முடிந்தபின் அந்த அணியில் யார் என்ன செய்கிறான் என்று கேட்பதில்லை.

1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1942இல் அரசுக்குக் கொடுத்த மனுவில் உயர்கல்வி உதவித்தொகை கேட்டதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டீஸாகச் சேர்க்க வழி கேட்டார். அவர் எந்த வேலைகளைத் தேர்ந்தெடுத்தார் என்று கவனியுங்கள். அச்சு, இயந்திரம், ரயில். நம் அப்பன் பாட்டன் செய்யாத வேலைகள், மாதச் சம்பளம் வரும் வேலைகள், யாருடைய பண்ணைக்கும் கட்டுப்படாத வேலைகள். அவருடைய பதவிக் காலத்தில்தான், 1945இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கின. அதே 1945இல் மக்கள் கல்விக் கழகம். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. அங்கே வகுப்புகளைக் காலை நேரத்தில் வைத்தார்கள். வேலைக்குப் போகும் இளைஞன் வகுப்பை முடித்துவிட்டு அலுவலகத்துக்கோ ஆலைக்கோ போகலாம். புலேவின் வீட்டில் இரவு, சித்தார்த்தாவில் காலை. மணி மாறியது, யோசனை மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு தோழர் எங்களை மடக்கினார். "அப்படியானால் 1953இல் ராஜாஜி செய்ததும் இதுதானே? பிள்ளைகள் வேலையும் பார்க்கட்டும், படிக்கவும் செய்யட்டும் என்றுதானே அவரும் சொன்னார்?" நல்ல கேள்வி. அதைத் தாண்டிப் போகாமல் நின்று பதில் சொல்ல வேண்டும்.

1953 ஜூனில் சென்னை மாநிலக் கிராமப் பள்ளிகளில் வந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை அப்பாவின் தொழிலைக் கற்கும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகி, காமராசர் ஆட்சி வந்ததும் 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் குருசாமியின் பெரியமேட்டுப் பையனும் அரை நாள் உழைக்கிறான், ராஜாஜியின் கிராமத்துப் பையனும் அரை நாள் உழைக்கிறான். ஆனால் பெரியமேட்டில் பகல் வேலை ஒரு கட்டாயம்; இரவு வகுப்பு அதிலிருந்து வெளியேற வெட்டிய வழி. குலக்கல்வியில் அந்தப் பகல் வேலையே பாடத்திட்டம். குயவர் பிள்ளைக்குச் சக்கரம், தச்சர் பிள்ளைக்கு உளி என்று சொல்லும்போது கேட்க அழகாகத்தான் இருக்கும். பண்ணையாள் பிள்ளைக்கு என்ன? மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டகை. துப்புரவுத் தொழிலாளி பிள்ளைக்கு என்ன? அந்தக் கேள்வியைக் கேட்ட உடனே திட்டத்தின் அழகு போய்விடுகிறது.

இந்த உரைகல்லை எடுத்து வைத்துக்கொண்டால் இன்றைய பல திட்டங்களை உரசிப் பார்க்கலாம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. குடும்பத் தொழில் என்பது சாதித் தொழிலாக இருக்கும் நாட்டில் இந்த ஒரு விலக்கு போதும். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் செருப்புத் தைத்தல், சவரம், சலவை உட்பட 18 பாரம்பரியத் தொழில்களை வரிசைப்படுத்தி, 18 வயதிலேயே சேரலாம் என்றது. கல்லூரியில் சேர வேண்டிய வயது அது. தமிழ்நாடு அரசு அந்தக் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கக் கேட்டு, அது ஏற்கப்படாததால் சாதி அடிப்படை இல்லாத தனித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இந்த விஷயத்தில் மாநில அரசு எடுத்த நிலைப்பாடு சரி. ஆனால் நம் வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதிக்கு வந்த ஒரு திறன் பயிற்சி முகாமில், காலனிப் பையன்கள் பதிவு செய்யப் போனபோது முதலில் நீட்டப்பட்ட தாள் ஹவுஸ்கீப்பிங். கணினி, மின்னணுப் பழுது நீக்கும் பிரிவுகள் நிரம்பிவிட்டன என்றார்கள். முகாம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தமிழ்நாட்டில் மாநில அரசின் திட்டங்கள் இல்லாமல் இல்லை. இல்லம் தேடிக் கல்வி, நான் முதல்வன், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கல்லூரியில் சேராதவர்களைத் தேடும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் நடக்கின்றன. இவற்றால் பயன்பெற்ற தங்கைகள்தான் எங்கள் மன்றத்தில் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் வாசல்வரை வந்தவரைக் கைபிடித்து உள்ளே அழைக்கும் திட்டங்கள். ஒன்பதாம் வகுப்பில் நின்று, பதிவேட்டிலிருந்தே பெயர் போனவனை எந்தப் பட்டியலில் தேடுவது? கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு கையை விட்டுவிடுகிறது.

கோலார் தங்கவயலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து போன தலித் மக்களின் உழைப்பில் எழுந்த ஊர் அது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை வாசித்து விவாதித்த தொழிலாளிகள், மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம், சித்தார்த்தா புத்தகசாலை என்று சுரங்கத்துக்கு மேலே ஓர் அறிவுலகத்தைக் கட்டினார்கள். பள்ளி நின்ற சுரங்கத் தொழிலாளிக்கு வாசகசாலைதான் பள்ளி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஊர் இளைஞர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவு திரும்புகிறார்கள். வேலை போனபோது வேலை மட்டும் போகவில்லை. கூடி வாசிக்கும் மாலை நேரமும் அதோடு போயிற்று. ஒரு நாளில் பல மணி நேரத்தை ரயிலில் கழிக்கிறவனுக்கு எந்த இரவில் பள்ளி வைப்பது?

இதுவரை பையன்களைப் பற்றியே எழுதிவிட்டோம். சுவரில் பெண்கள் உட்காருவதில்லை என்பதுதான் காரணம், அதற்கு மேல் காரணம் சொன்னால் பொய். படிப்பிலும் வேலையிலும் இல்லாத இளையோரில் இந்தியா முழுக்கப் பெண்களே அதிகம். அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறார்கள், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே 'பிரச்சினை' இல்லை. இன்னும் சிலர் வேலையில் இருப்பதாகக் கணக்கு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்குப் பத்தாவது முடித்ததும் முடிக்காததுமாக ஏஜெண்டுகள் அழைத்துப்போன பெண்களில் தலித் பெண்கள் ஏராளம். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. உடம்பு கெட்டு இரண்டரை ஆண்டில் திரும்பியவளுக்கு அந்தத் தொகையும் இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பிய அக்கா ஒருவர் இருக்கிறார். முக்தா சால்வேக்கு மூன்று ஆண்டுப் படிப்பு கிடைத்தது, கட்டுரை எழுதினாள். இந்த அக்காவின் மூன்று ஆண்டை நூல் தின்றுவிட்டது. அவரிடம் போய், மறுபடி படிக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டதே போன மாதம்தான். "இப்ப வந்து கேக்குறீங்களே தம்பி" என்றார். பிறகு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மன்றத்தில் இப்போது இரவு எட்டரை மணிக்கு இன்னொரு வகுப்பு தொடங்கியிருக்கிறோம். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் வாரம் சுவரிலிருந்து ஒருவன்தான் உள்ளே வந்தான், அவனும் சார்ஜர் செருகத்தான் வந்தான். எட்டாம் வகுப்புப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்ததில் இரண்டு பேர் அவமானப்பட்டு எழுந்து போனார்கள். அது முழுக்க எங்கள் தவறு. இருபது வயதுக்காரனைப் பாயில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினால் அவன் எப்படி இருப்பான்? பிறகு நாற்காலி போட்டோம். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒப்பந்தக்காரர் கொடுத்த சம்பளச் சீட்டை விரித்து, வருங்கால வைப்பு நிதி என்று பிடித்த பணம் எங்கே போனது என்று சேர்ந்து கணக்குப் பார்த்தோம். அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. அந்தத் தேதியைத் தவறவிட்டே ஓராண்டு போய்விடுகிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஐ.டி.ஐ. பிரிவுகள் இருப்பதும் அப்படித்தான். இப்படிப்பட்ட தேதிகளை ஒரு அட்டையில் எழுதி மன்றச் சுவரில், புலே படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம். கல்லூரித் தோழர்கள் தங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரு மார்க்கர் பேனா போதும்.

கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு மாற்றுச் சான்றிதழ் இன்னும் பழைய பள்ளியில் இருக்கிறது. அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. அம்மாவோடு நாங்கள் மூன்று பேர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறோம். உட்காரச் சொன்னால் உட்காருவோம். கையில் சான்றிதழ் வரும்வரை எழுந்திருப்பதாக இல்லை.